பரீட்சை முடிகிற வரை

மூத்தவள் அலறுவதற்கு வாய் திறந்தாள். அதற்குள் அம்மாவின் உள்ளங்கை வந்து அடைத்துக்கொண்டது. கையிலிருந்து நழுவிய டீ ஃப்ளாஸ்க், படியில் விழுந்து உருளுவதற்கு முன்பே, அம்மாவின் இன்னொரு கையில் இருந்தது.

"கத்தாதடி. உள்ள இருக்கிறவ காதுல விழுந்துடும்."

மாடிப்படி திரும்புகிற இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். தோள் சுவரில் சாய்ந்திருந்தது. சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் அவிழ்ந்திருந்தன. மூச்சு முட்டி அவரே அவிழ்த்திருக்க வேண்டும். செருப்புகள் பக்கத்தில் ஜோடியாக இருந்தன. இரண்டு மாதமாக அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடி ஏறுவார், இறங்குவார். சின்னவள் படிக்கிறாள் அல்லவா.

மூத்தவள் அம்மாவின் கையை விலக்கிவிட்டு அவர் கன்னத்தைத் தொட்டாள். அது சுவரைவிடக் குளிர்ந்து கிடந்தது.

அம்மா அழவில்லை. மேலே ஏறிப்போய் வீட்டுக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்தாள். பிறகு குனிந்து அவருடைய பொத்தான்களைப் போட்டுவிட்டாள். ஒரு பொத்தான் ஓட்டைக்குள் நுழைய மறுத்தது. அதோடு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்கு ஃபோன் போடு. மெதுவா பேசு."

ஃபோன் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டின் ஃபோன்களெல்லாம் சத்தம் அணைக்கப்பட்டு டப்பாவுக்குள் போய்விட வேண்டும். அம்மா போட்ட சட்டம் அது. அம்மாவுடையது, மூத்தவளுடையது, அப்பாவுடையது, மூன்றும் உள்ளே கிடந்தன. டிவி, தண்டனை வாங்கிய பையனைப் போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அழைப்பு மணியின் வயரை அப்பாவே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக் கறுப்பு டேப் சுற்றினார். "பரீட்சை முடியற அன்னைக்கு நானே மாட்டிடறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்தது அவருடைய இருமல். அம்மா வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் சின்னவளின் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாளே அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அவருடைய வேனிலேயே பின்சீட்டில் படுத்துக்கொண்டார். "வேன்ல காத்து பிரமாதமா வருது" என்றார். மேலே வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் விழுந்தது. வாசலை ஒட்டிய அறையில் சின்னவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு விடிய விடியப் படித்தாள். அம்மாவும் மூத்தவளும் பின்னறையில் இரண்டு கதவுகளைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள்.

இப்போது மூத்தவளின் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்விதான் குடைந்தது. அப்பா படியில் உட்கார்ந்தது மேலே ஏறி வரும்போதா, திரும்பிக் கீழே போகும்போதா?

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். சாவு வீட்டுக்கு வருகிற மனிதர் வண்டிச் சத்தத்துக்குப் பயந்து வருவதைப் பார்த்ததும் மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்வீட்டு டாக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"ராத்திரியே முடிஞ்சிருக்கு. அப்பவே யாராவது பார்த்து…" என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஏறி வரும்போது முடியாமப் போயிருக்கும்" என்றார் மாமா. "மச்சானுக்கு வலி எதுவும் தெரிஞ்சிருக்காது."

"அவ எட்டரைக்குக் கெளம்பிடுவா" என்றாள் அம்மா. "இன்னைக்கோட கடைசிப் பரீட்சை முடியுது. அது வரைக்கும்."

"அது வரைக்கும் என்னம்மா?" என்றாள் மூத்தவள்.

"வேன்ல படுக்க வைங்க. எப்பவும் அங்கதான படுக்கறார்."

மாமா தலைப்பக்கம் பிடித்தார். வாட்ச்மேன் கால்களைப் பிடித்தார். அம்மா செருப்புகளை எடுத்துக்கொண்டாள். அப்பாவின் வலது கை தொங்கி, கைப்பிடிக் கம்பியில் மோதப் போனது. மோதினால் கம்பி நங்கென்று சத்தம் போடும். மூத்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். இரண்டு மாடி. வேனின் நீள சீட்டில் அவருடைய தலையணை, இரவு எழுந்துபோன குழிவோடு அப்படியே இருந்தது. அதே குழியில் தலையை வைத்தார்கள். மாமா ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். கதவை அறைந்து சாத்தினால்தான் மூடும் வேன் அது. இன்றைக்கு இடுப்பால் முட்டுக்கொடுத்து மெல்ல அழுத்தினார்.

அடுத்து மாமா செய்த காரியம், டியூஷன் சென்டர் சாரைக் கூப்பிட்டது. சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத்தான் தகவல் போனது.

"நல்லவேளை, மொதல்ல எங்கிட்ட சொன்னீங்க" என்றது ஃபோன். "தப்பித் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. இத்தனை பேப்பர்ல ஒரு இடத்துல கூட அந்தப் பொண்ணு சறுக்கல. நானே கார் எடுத்துட்டு வரேன். கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரது என் பொறுப்பு."

மூத்தவள் ஃபோனைப் பிடுங்கினாள். "சார், செத்துப்போனது எங்க அப்பா."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன்."

மாமா ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அரைமார்க்கு, கொஞ்சம் பொறுமையா இரு. இது வாழ்க்கைப் பிரச்சினை."

அரை மார்க்கில் மருத்துவப் படிப்பு கைநழுவிப் போனதிலிருந்து மாமா அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். செல்லமாகவாம். ஜெராக்ஸ் கடையில் அவள் நாள் முழுக்க மாதிரி வினாத்தாள்களை நகல் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுக்கிறாள். போன வாரம் ஒரு அம்மாள், குளிக்கும்போதும் மகன் பார்த்துப் படிப்பதற்காகச் சூத்திரங்களை லேமினேட் செய்து வாங்கிப் போனாள். கடை முதலாளி அவள் போன பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் குளியலறைக் கண்ணாடியில் அது போன வருஷமே ஒட்டியாகிவிட்டது.

அப்பா போனதைச் சின்னவளிடம் சொல்லியே தீர வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு அவள் மாடி ஏறினாள். ஆயிரம் பரீட்சை வரும், போகும். அப்பா ஒருத்தர்தான். என்ன ஆனாலும் சரி, அவளைக் கைப்பிடித்துக் கீழே கூட்டிப்போய் வேன் கதவைத் திறந்து காட்டிவிட வேண்டும்.

சின்னவள் குளியலறையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பரீட்சை நாளும் இது நடக்கும். வாந்தி நிற்கிற இடைவெளியில் உதடு எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது. மூத்தவள் ஓடிப்போய் அவள் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தாள். காதுக்குப் பின்னால் ஒரு காசளவுக்கு மயிரில்லாமல் வழுவழுவென்று இருந்தது. படிக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள். இத்தனை நாள் இது தன் கண்ணில் படவில்லை என்பதில் மூத்தவளுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

"அக்கா, நைட் ஒரு டெஸ்ட் எழுதிப் பார்த்தேன். ஒரு கணக்கு தப்பாப் போச்சு. இன்னைக்கும் தப்பாப் போயிட்டா?"

"போனா போகட்டும்."

"லூசா நீ?" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "அம்மா செத்துடுவாங்க."

மூத்தவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, குழாயைத் திறந்து அவளுக்கு வாய் கொப்புளிக்கத் தண்ணீர் பிடித்தாள்.

"அப்பா டீ குடிச்சாச்சா? எங்க அவரு?"

"கீழதான் இருக்கார்" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதை மட்டும் சொன்னாள்.

அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். முகம் கழுவி, பொட்டு ஒழுங்காக இருந்தது. "வேன் ரிப்பேராம். அப்பா மெக்கானிக்கைத் தேடிப் போயிருக்கார். உங்க சென்டர் சார் கார்ல வராரு, அதுல போயிடலாம். இந்தா, ரெண்டு துண்டு ரொட்டியாவது சாப்பிடு."

பொய் அம்மாவின் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது. மூத்தவளுக்கு அந்த வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. காலையில் தன் வாயைப் பொத்திய மாதிரியே.

எட்டரைக்குக் காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சென்டர் சார் நின்றார். முகம் முழுக்கப் புன்னகை. "வாங்க டாக்டர்" என்றார் சின்னவளைப் பார்த்து. மாமா வேனுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார். வேனை எப்படி மறைப்பது? சின்னவள் காரில் ஏறப் போனவள், "ஒரு நிமிஷம் சார்" என்று திரும்பி வந்தாள்.

ஒவ்வொரு பரீட்சைக்கும் பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் அவள் வேனின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளேயிருந்து அப்பா ஹாரனை ஒரு தடவை லேசாக அழுத்துவார். போய் எழுது, நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

அவள் மாமாவைச் சுற்றிக்கொண்டு போய், மூடியிருந்த திரைக்குக் கீழே, தகரத்தில் இரண்டு முறை தட்டினாள். ஒரு நொடி அப்படியே நின்றாள்.

"அப்பா வந்தா சொல்லுக்கா. தட்டிட்டுத்தான் போனேன்னு."

கார் கிளம்பியது. மூத்தவள் வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். கார் தெருமுனை திரும்பிய பிறகும் துப்பட்டாவை எடுக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் சோபாவை நகர்த்தி, கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். கீழே நாற்காலிகள் வந்து இறங்கின. அக்கம்பக்கத்தார், வேனில் போகிற பிள்ளைகளின் பெற்றோர், மற்ற வேன் டிரைவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மாமா மாடிப்படியிலேயே நின்று வருகிறவர்களிடமெல்லாம் குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். "பாவம், பரீட்சை ஆச்சே." "சொல்லாததுதான் நல்லது." "நல்ல முடிவு எடுத்தீங்க." ஒருத்தராவது காறித் துப்பவில்லை. ஒரு பெண்மணி மட்டும், எந்த சென்டர் என்று விசாரித்தாள்.

அம்மா கட்டிலருகே உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அதையும் கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"அவ போயிட்டாம்மா" என்றாள் மூத்தவள். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே நினைக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "வீட்டுல அவ இல்ல. இன்னும் யாருக்காக மெதுவா பேசற? அழு. கத்து. உன் புருஷன் செத்துக் கெடக்கறார்."

"ஏய், வாயை மூடு" என்றார் மாமா.

"மூட மாட்டேன். ரெண்டு மாசமா மூடியாச்சு. மனுஷன் இருமறதுக்கு எடமில்லாமப் பண்ணி வேன்ல கொண்டுபோய்ப் போட்டோம். நெஞ்சு வலிச்சப்ப கூப்பிட ஃபோன் டப்பாக்குள்ள கெடந்திருக்கு. பெல்லுக்கு வயர் இல்ல. எதுக்கு? ஒரு கணக்கு கூடத் தப்பாப் போகக் கூடாதுன்னு."

அம்மா அழுவதற்கு வாயைத் திறந்தாள். உதடுகள் கோணின, தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. இரண்டு மாதத்துப் பழக்கம் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோபம் குறையாமலே மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் அரை மார்க்கு இந்த வீட்டுச் சத்தத்துலதான்டி போச்சு" என்றாள் அம்மா, கொஞ்ச நேரம் கழித்து. "அன்னைக்கு டிவி போட்டு உட்கார்ந்திருந்தது நான்தான். இவளுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு நெனச்சேன். வேற என்னத்தைத் தெரியும் எனக்கு?"

மூத்தவளுக்குத் தெரியும், அந்த அரை மார்க்கு டிவியால் போகவில்லை. அவளுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாது, அவ்வளவுதான். அதை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

மதியத்துக்கு மேல் கார் வந்து நின்றது. கீழே இருந்த நாற்காலிகளைப் பார்த்ததுமே சின்னவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் படியேறி வந்தவளை வாசலில் எதிர்கொண்ட அம்மா, ஏதோ ஒரு வேகத்தில், தினமும் கேட்பதையே கேட்டுவிட்டாள்.

"எப்படிம்மா எழுதின?"

அம்மாவின் கை தன் வாயை நோக்கித் தானாக எழுந்தது. கேட்டது கேட்டதுதான்.

"ஒண்ணு மட்டும் சந்தேகம்" என்ற சின்னவள் அம்மாவைத் தாண்டிப் பார்த்தாள்.

அவள் அலறவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கி, தரையில் இடிக்காமல், மெதுவாக ஓரத்தில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கட்டிலருகே போய் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சென்டர் சார் வாசலில் நின்று, "தைரியமா இரும்மா, நீ நல்லா எழுதியிருக்க, அதுதான் அப்பாவுக்கு…" என்று ஆரம்பித்தார். மூத்தவள் எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். வீடு அதிர்ந்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கதவு எழுப்பிய முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

"எப்ப?" என்று கேட்டாள் சின்னவள்.

"ராத்திரி. வேன்ல, தூக்கத்துல" என்றார் மாமா அவசரமாக. "ஒண்ணும் தெரியாமப் போயிட்டாரு."

சின்னவள் தலையசைத்தாள். அப்பாவின் விரல் கணுக்களையே தடவிக்கொண்டிருந்தாள். மயான வண்டி வந்துவிட்டது என்று ஆட்கள் கீழே இறங்கியபோது, மூத்தவளின் தோளில் முகத்தை வைத்து, காதோடு காதாகச் சொன்னாள்.

"அக்கா, ராத்திரி யாரோ கதவைத் தட்டினாங்க."

மூத்தவள் தலையை இன்னும் அருகே சாய்த்தாள்.

"மெதுவாத்தான். ரெண்டு ரெண்டாத் தட்டற மாதிரி இருந்துச்சு. பஞ்சு வெச்சிருந்தேன், இருந்தும் கேட்டுச்சு. டைம் வெச்சு எழுதிட்டிருந்தேன். இப்ப எந்திரிச்சா அஞ்சு நிமிஷம் போயிடும்னு எந்திரிக்கல. கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு."

ஆக, அப்பா படியில் உட்கார்ந்தது ஏறி வரும்போது அல்ல. ஏறி முடித்து, தட்டிப் பார்த்து, சின்னவள் எழுதிக்கொண்டிருப்பாள், ஓங்கித் தட்டினால் கெட்டுவிடும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி இறங்கியிருக்கிறார். காலையிலிருந்து குடைந்த கேள்விக்கு விடை வந்துவிட்டது. அந்த விடையை எடுத்து இந்த அறையில் இருக்கிற ஒவ்வொருவர் முகத்திலும் அறையலாம். மாமாவின் முகத்தில், வாசலுக்கு வெளியே இன்னும் நிற்கிற அந்த ஆளின் முகத்தில், அம்மாவின் முகத்தில். நாள் முழுக்க அவள் தேடியது இதைத்தான்.

சின்னவளின் விரல் காதுக்குப் பின்னால் போய், அந்த வழுவழுப்பின் ஓரத்தில் ஒரு மயிரைப் பற்றிக்கொண்டிருந்தது.

"நான்தான் தட்டினேன்" என்றாள் மூத்தவள்.

"நீயா?"

"அப்பாவுக்குப் போர்வை குடுக்கக் கீழ போனேன். திரும்பி வரதுக்குள்ள அம்மா தாழ்ப்பாள் போட்டுட்டாங்க."

"யாரு தொறந்தா?"

மூத்தவள் பதில் சொல்வதற்கு முன்னால் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் எப்போது அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"நான்தான் தொறந்தேன்."

சின்னவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தொறந்த சத்தம் கேக்கலியே."

"தொறந்தா தட்டறது நின்னுடும்ல" என்றாள் அம்மா. "நின்னுடுச்சுன்னு நீயே சொல்ற." சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். இந்த முறை சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சாத்திய கதவையும் தாண்டி, இரண்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி வந்தது. யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாமா போய்விட்டார். அம்மா பின்னறையில் படுத்திருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, இரண்டு தட்டு.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். மூவரும் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்துப் பயந்துபோனாள். "பெல் அடிச்சுப் பார்த்தேன், வேலை செய்யல" என்றாள்.

அவள் போன பிறகு மூத்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சின்னவள் கீழே நின்று ஸ்டூலின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். மணிப்பெட்டிக்குக் கீழே இரண்டு வயர்களும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றித் தொங்கின. டேப் இறுகியிருக்கும், கத்தி வேண்டியிருக்கும் என்று நினைத்து நகத்தால் தடவிப் பார்த்தாள்.

கத்தி தேவைப்படவில்லை. பிறகு பிரிப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, அப்பா டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்து விட்டிருந்தார்.